கடிபட்ட கதிரைக்கால் சொல்லும் சேதி

நாய் வளர்க்கும் வீட்டில் தளபாடம் பழுதானால் முதலில் நாயின் குணத்தையும், அடுத்து அதற்குச் செல்லம் கொடுத்தவரையும் குறை சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஜிம்மி குட்டியாக வந்து சேர்ந்த காலம் தொட்டு இன்று அவன் கிழவனாகும்வரை அவனுடைய கைவரிசையைப் பார்த்து வந்த எனக்கு, அந்தக் குறை எந்த விதத்திலும் உதவவில்லை. ஒரே கதிரைக்கால் வேறு வேறு வயதில் வேறு வேறு காரணத்துக்காகக் கடிபடும். காரணம் மாறினால் பரிகாரமும் மாற வேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், வீட்டில் யார் இருந்தபோது அல்லது இல்லாதபோது சேதம் நடந்தது என்று பார்த்தால், பாதி விடை அந்தக் கதிரைக்காலிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. அம்மா, கணவர், இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேர் புழங்கும் இடத்தில் முற்றமோ வளவோ கிடையாது. ஆகவே நாயின் உலகம் முழுவதும் எங்கள் தளபாடங்களுக்கு நடுவேதான். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த சாய்மனைக் கதிரை ஒன்று, கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் வாங்கிய பிரம்புக் கதிரைகள், மொறட்டுவையில் சொல்லிச் செய்வித்த தேக்குச் சோபா ஆகியவையே எங்கள் கூடத்தின் சொத்து. ஜிம்மி ஊர் நாய்க்கும் அல்சேஷனுக்கும் பிறந்த கலப்பு; கறுப்பு உடம்பு, ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும்.

முதலில் போனது பிரம்புக் கதிரை. குட்டி நாய்க்கு 28 பாற்பற்கள் உண்டு. ஏறக்குறைய நான்காம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையில் அவை விழுந்து, 42 நிரந்தரப் பற்கள் முளைக்கின்றன. அந்தக் காலத்தில் முரசு தினவெடுப்பதால் எதையாவது அழுத்திக் கடித்தால்தான் அதற்குச் சுகம். பிரம்பு பல்லுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், நறநறவென்று சத்தமும் போடும், நாங்கள் கால் வைத்து வைத்து எங்கள் வாசமும் அதில் ஊறியிருக்கும். குட்டிக்கு அதைவிட நல்ல பொருளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கதிரைக்காலின் கீழ்ப்பகுதியில் சுற்றியிருந்த பிரம்பு நார் ஒரு பக்கம் மட்டும் பிரிந்து, ஓரத்தில் சிறு சிறு குழிகள் வரிசையாக இருந்தன. ஒருநாள் அதே கதிரையின் மெத்தையை உதறியபோது அரிசி மணி அளவில் ஒரு பாற்பல் தரையில் விழுந்தது. நுனியில் இலேசாக இரத்தம் காய்ந்திருந்தது. இது திமிர் அல்ல, பல் வலி என்று அம்மாவுக்குப் புரியவைக்க அதற்குமேல் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

இந்தப் பருவத்தில் கடிப்பதைத் தடுக்க முயல்வதைவிடக் கடிக்கும் பொருளை மாற்றிக் கொடுப்பதே வழி. பழைய துவாய் ஒன்றை நனைத்து, கயிறுபோல் முறுக்கி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் வைத்து எடுத்துக் கொடுத்தால் முரசு மரத்துப்போகும். குளிரவைத்த கரட்டும் அப்படியே. எங்கள் ஆட்கள் வழமையாகப் பொச்சுமட்டையைத் தூக்கிப் போடுவார்கள். அது நல்ல கடிபொருள்தான், ஆனால் தும்பைப் பிய்த்து விழுங்கும் நாய்க்கு அது குடலில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுத்துவிட்டு, பிரியத் தொடங்கியதும் வாங்கிவிட வேண்டும். சமைத்த எலும்பு கூடவே கூடாது. அது கூராகப் பிளக்கும். கடைகளில் விற்கும் கடிபொருள்களை வாங்குமுன் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். நகம் கொஞ்சமும் பதியாத அளவுக்கு இறுகிய பொருள் நாயின் பல்லை உடைக்கக் கூடியது.

கசப்புத் தெளிப்பான்களைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. அவற்றில் பெரும்பாலும் இருப்பது டெனற்றோனியம் என்ற மிகக் கசப்பான இரசாயனம். சில நாய்கள் ஒரு தடவை நக்கியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகும். ஜிம்மி போன்றவை அதையும் நக்கிவிட்டுக் கடிப்பதைத் தொடரும். மிளகாய்த்தூளைத் தூவுவதும் வேப்பெண்ணெய் பூசுவதும் நம் வீடுகளில் கேட்கும் கைவைத்தியங்கள். மிளகாய் நாயின் கண்ணையும் மூக்கையும் எரிக்கும், வேப்பெண்ணெய் மணத்தில் முதலில் வீட்டை விட்டு ஓடுவது மனிதர்தான். அந்த மாதங்களில் பிரம்புக் கதிரைகளைப் பல்கனியில் அடுக்கிக் கதவைச் சாத்தி வைத்தது எல்லாவற்றையும்விட நல்ல பலன் தந்தது. எட்டாத பொருளைக் கடிக்க முடியாது. அதே நேரம் சோபாவுக்குப் பின்னால் ஓடும் மின்சார வயர்களையும் உயரத்தில் கட்டிவிட வேண்டும். எங்கள் நாட்டில் 230 வோல்ட், குட்டி நாயின் வாய்க்கு அது விளையாட்டல்ல.

பல் முளைத்து முடிந்ததும் கடிப்பது நின்றுவிடும் என்று நம்புவோர் உண்டு. ஒரு வயதை நெருங்கும்வரை, சில நாய்களில் அதற்கு அப்பாலும், தாடையின் பலமும் உடம்பின் துடிப்பும் கூடிக்கொண்டே போவதால் இரண்டாம் சுற்று ஒன்று வரும். எங்கள் வீட்டில் அது சோபாக் குஷன்களில் தொடங்கியது. பஞ்சும் ஸ்பொஞ்சும் கூடம் முழுவதும் சிதறிக் கிடக்கும். நடுவே ஜிம்மி மல்லாந்து உறங்குவான். பணச் செலவைவிட முக்கியமான விஷயம், விழுங்கிய ஸ்பொஞ்சுத் துண்டு குடலை அடைத்து அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகலாம் என்பது. இப்படியான ஒரு சம்பவத்துக்குப் பிறகு நாய் தொடர்ந்து வாந்தி எடுத்தால், சாப்பாட்டை மறுத்தால், மலம் போகாதிருந்தால் மறுநாள் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது; அன்றே மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

அந்தக் காலத்தில்தான் ஒன்று கண்ணில் பட்டது. குஷன் கிழிவது எந்த நாளிலும் நடந்தது. ஆனால் வாசற்கதவின் நிலையும், கதவை ஒட்டியிருந்த செருப்பு ராக்கையும் பிறாண்டப்பட்டது வெள்ளிக்கிழமைகளில் மட்டும். வெள்ளிக்கிழமை என்றால் அம்மா மயூரபதி அம்மன் கோவிலுக்குப் போவார். நாங்கள் இருவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருக்கும் அந்த நேரத்தில் ஜிம்மி முற்றிலும் தனியாக இருப்பான். மற்ற நாட்களில் அம்மா வீட்டில் இருப்பதால், குசினியில் அவர் சமைத்துக்கொண்டிருக்கும்போது கூடத்தில் குஷன் கிழிபடும். ஆக, இரண்டு சேதங்கள், இரண்டு காரணங்கள்.

பழைய கைத்தொலைபேசி ஒன்றை அலுமாரிக்கு மேல் சாய்த்து வைத்து ஒரு வெள்ளிக்கிழமை பதிவு செய்தோம். தனியே விடப்பட்ட நாயின் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாத எவரும் இதைச் செய்து பார்க்கலாம், செலவே இல்லை. கதவு சாத்திய உடனேயே ஜிம்மி கதவுக்கும் யன்னலுக்குமாக நடக்கத் தொடங்கினான். வாயிலிருந்து எச்சில் வடிந்து கதவின் அடியில் சிறு குளமாகத் தேங்கியது. அவன் விரும்பும் கோழித் துண்டு பக்கத்தில் இருந்தும் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு முன்னங்கால்கள் இரண்டாலும் கதவு நிலையைப் பிறாண்டினான், நின்று காது கொடுத்தான், மறுபடி பிறாண்டினான். தனிமையில் பதறும் நாயின் அடையாளங்கள் இவையே: வீட்டார் வெளியேறிய முதல் அரை மணி நேரத்துக்குள் தொடங்கும், வெளியேறும் வழியைச் சுற்றியே சேதம் இருக்கும், சாப்பாட்டில் நாட்டம் இருக்காது. அலுப்பில் கிழிக்கும் நாய் இப்படியல்ல. அது ஆற அமர, சுகமாக, குஷனின் ஒரு மூலையைத் தேர்ந்து தையலைப் பிரித்து வேலை பார்க்கும்.

அம்மா கோவிலால் வந்து கதவைத் திறந்ததும் ஜிம்மி காதை ஒட்டவைத்துத் தலையைத் தாழ்த்தி, வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு நிற்பான். “செய்த பிழை தெரியுது, பார் நிக்கிற நிலையை” என்பார் அம்மா. அநேகமாக நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. உண்ணக் கூடாது என்று தடுத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை, உண்மை எதுவாயினும், உரிமையாளரிடம் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அந்தக் ‘குற்றவாளி முகம்’ நாய் தின்றதா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் ஏசினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. எதையும் தின்னாமலே ஏச்சு வாங்கிய நாய்கள்கூட அதே முகத்தைக் காட்டின. அது குற்ற உணர்வு அல்ல, கோபமான ஆளைச் சாந்தப்படுத்தும் பாவனை. மணிக்கணக்குக்கு முன் நடந்த சேதத்துக்காக நாயின் மூக்கைக் குஷனில் தேய்த்து அடிப்பதால், வீட்டுக்கு ஆள் வருவதும் ஒரு பயம் என்பதை மட்டும் அது கற்றுக்கொள்ளும். ஏற்கனவே தனிமையில் பதறும் நாய்க்கு இது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

அலுப்புக்கான மருந்து எளிது. வெயில் ஏறுமுன் மரைன் டிரைவ் ஓரமாக அவனை அழைத்துப்போய், அவன் விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம் மோந்து பார்க்க விடுகிறோம். வேகமாக நடத்துவதைவிட மோப்பம் பிடிக்க விடுவதில்தான் நாய் நிறைவாகக் களைக்கிறது என்பது என் கணிப்பு. காலைச் சாப்பாட்டைத் தட்டில் போடாமல், உள்ளே குடைவான தடித்த ரப்பர் பொம்மையில் சோறும் இறைச்சியும் அடைத்து உறைய வைத்துக் கொடுத்தால், அதை நக்கி முடிப்பதற்குள் அம்மாவின் சமையல் முடிந்துவிடும். சிரட்டையில் அடைத்தும் கொடுக்கலாம் என்பார்கள். கடைவாய்ப் பல்லில் சிரட்டை கூராக உடையும் என்பதால் நான் கொடுப்பதில்லை.

தனிமைப் பதற்றம் அவ்வளவு சுலபமாக ஆறாது, பொறுமையும் கேட்கும். அம்மா கோவிலுக்குக் கிளம்புவதற்கான அடையாளங்கள் எல்லாம் ஜிம்மிக்கு மனப்பாடம்: சேலைக் கொசுவம், அர்ச்சனைத் தட்டு, சாவிக்கொத்து, குடை. ஆகவே எங்கும் போகாத நேரங்களிலும் சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டுக் கதிரையில் அமர்வதும், குடையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போவதுமாக அந்த அடையாளங்களை வலுவிழக்கச் செய்தோம். அதன்பின் கதவுக்கு வெளியே சில வினாடிகள் நின்று, அவன் பதறுமுன் திரும்பி உள்ளே வந்தோம். அமைதியாக இருந்த நேரத்தையே சிறிது சிறிதாக நீட்டினோம். பதற்றம் தொடங்கியபின் திரும்பி வருவது அல்ல, தொடங்குமுன் வருவதுதான் இதில் சூட்சுமம். பயிற்சி நடந்த வாரங்களில் அவனை முழுத் தனியாக விடாமல் இருக்க, வெள்ளிக்கிழமைகளில் கீழ்மாடி அன்ரி வந்து எங்கள் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பதற்றம் முற்றிய நாய்களுக்கு மிருக வைத்தியர்கள் தரக்கூடிய மருந்துகளும் உண்டு. குளோமிப்ரமினும் ஃபுளுவொக்ஸெற்றினும் அதற்கென்றே பல நாடுகளில் அங்கீகரிக்கப்பட்டவை. மருந்து தனியே வேலை செய்யாது, பயிற்சியோடு சேர்ந்தே செய்யும். மனிதருக்குக் கொடுத்த மாத்திரையை அளவு குறைத்து நாய்க்குக் கொடுப்பது ஒருபோதும் கூடாது.

இனிச் சோபாவில் ஏறுவது. “செற்றியில ஏறவிட்டா பேந்து உது எங்கட தலையில ஏறும், சொல்லிப்போட்டன்” என்று அம்மா எச்சரித்தார். உயரத்தில் படுக்கும் நாய் தன்னைத் தலைவனாக நினைக்கும் என்ற எண்ணம் நாய்ப் பயிற்சியாளர்கள் சிலரிடமும் உண்டு. அதன் வேர், சுவிற்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து விலங்கியலாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய விவரணங்களில் இருக்கிறது. ஒன்றோடொன்று உறவில்லாத ஓநாய்களைச் சிறு இடத்தில் அடைத்தால் சண்டை வருவது இயல்பு. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்பதை ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999இல் விளக்கி, ‘தலைவன்’ என்ற பேச்சையே கைவிடச் சொன்னார். நாய் சோபாவில் ஏறுவதற்குக் காரணம் பதவி ஆசை அல்ல: அது மெத்தென்று இருக்கிறது, மேலே மின்விசிறி சுழல்கிறது, யன்னலால் தெரு தெரிகிறது, எங்கள் வாசம் அதில் இருக்கிறது.

இதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி, நாயின் படுக்கை எங்கே இருக்கிறது என்பது. பல வீடுகளில் நாய்க்கென்று ஒரு சாக்கைக் குசினி மூலையில் போட்டுவிட்டு, அது அங்கே படுக்கவில்லையே என்று குறைப்படுவார்கள். கொழும்பின் புழுக்கத்தில் காற்றோட்டமில்லாத மூலையில், ஆட்கள் இல்லாத இடத்தில் எந்த நாய் படுக்கும்? தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்த கன்வஸ் கட்டில் ஒன்றை யன்னலுக்கும் பல்கனிக்கும் இடையே காற்று ஓடும் வழியில், சோபாவுக்குப் பக்கத்திலேயே போட்டோம். அடியிலும் காற்றுப் போவதால் வெயில் காலத்தில் அது சோபாவைவிடக் குளிர்ச்சி. கட்டிலில் அவன் தானாகப் போய்ப் படுக்கும் ஒவ்வொரு தடவையும், பேசாமல் அவித்த கோழியில் ஒரு சிறு துண்டை முன்னங்கால்களுக்கிடையே வைத்துவிட்டுப் போவோம்.

சோபாவில் ஏற விடுவதா இல்லையா என்பது அந்தந்த வீட்டின் விருப்பம். ஆனால் வீட்டார் அனைவரும் ஒரே முடிவில் நிற்காவிட்டால் நாய்க்கு எதுவும் புரியாது. பத்துத் தடவை இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்க்கும்போது ஒரு தடவை மடியில் ஏற்றினால், நாய் கற்றுக்கொள்வது அந்த ஒரு தடவையைத்தான். எப்போதாவது பலன் தரும் முயற்சியை உயிர்கள் எளிதில் கைவிடுவதில்லை என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் 1950களில் புறாக்களை வைத்து விரிவாகக் காட்டியிருக்கிறார். சொல்லும் சொல்லிலும் ஒற்றுமை வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா “இறங்கு” என்பார், கணவர் “டவுன்” என்பார், வேலைக்கு உதவ வரும் அக்கா சிங்களத்தில் “பஹின்ன” என்பார். கணவரின் “டவுன்” ஜிம்மிக்குப் படுத்துக்கொள் என்பதற்கும் சொல்லப்பட்டதால், சோபாவில் இருந்தபடியே அவன் இன்னும் வசதியாகப் படுத்துக்கொண்டான். கட்டளைக்கு அவன் பணிந்துதான் இருக்கிறான். எல்லோரும் “இறங்கு” என்றே சொல்வதென்று முடிவானபின் குழப்பம் தீர்ந்தது. அக்காவும் அந்த ஒரு தமிழ்ச் சொல்லை மிக அழகாக உச்சரிக்கிறார்.

எங்கள் முடிவு இதுதான்: சோபாவின் இடது மூலையில் பழைய நீலப் படுக்கை விரிப்பு விரித்திருந்தால் ஏறலாம், விரிப்பு இல்லையென்றால் ஏறக் கூடாது, அம்மாவின் சாய்மனைக் கதிரையில் எக்காலத்திலும் ஏறக் கூடாது. நாய்களுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் மங்கலாகவே தெரியும். ஆகவே நீல விரிப்பு அவன் கண்ணுக்கும் தெளிவான அடையாளம். வெளியே போகும்போது உடுப்புக் காயவிடும் ஸ்டாண்டை மடித்துச் சோபாவின்மேல் குறுக்கே கிடத்திவிடுவோம். பார்க்க அழகில்லை, ஆனால் யாரும் காவல் நிற்கத் தேவையில்லை.

வருகிறவர்களையும் நினைக்க வேண்டும். சாமியறைக்குள் நாய் நுழையக் கூடாது என்பதில் அம்மா உறுதியானவர். வைரவருக்கே நாய்தான் வாகனம் என்று பிள்ளைகள் வாதாடினால், “வைரவர் கோவில் வாசலிலதான் வைச்சிருக்கிறார், சோபாவில இல்லை” என்று பதில் வரும். அறை வாசலில் குறுக்கே ஒரு சிறு மரத் தடுப்பு வைத்ததோடு அந்தச் சிக்கல் முடிந்தது. என் முஸ்லிம் தோழி அடிக்கடி வருவாள். நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட உடுப்போடு அவளால் தொழ முடியாது. அவளுக்காக, நாய் ஒருபோதும் தொடாத கதிரை ஒன்று அறைக்குள் தனியே இருக்கிறது. அவள் வந்ததும் அதை எடுத்துப் போட்டுவிட்டு ஜிம்மியைத் தடுப்புக்கு அப்பால் விடுவோம். வெள்ளவத்தை மாதிரி எல்லோரும் கலந்து வாழும் இடத்தில் நாய் வளர்ப்பவர் இந்த மரியாதையைக் காப்பது அவசியம் என்று நான் எண்ணுகிறேன்.

சோபா விடயத்தில் மிகக் கவனமாகக் கையாள வேண்டியது உறுமல். ஜிம்மிக்கு இரண்டு வயதிருக்கும்போது, நீல விரிப்பில் படுத்திருந்தவனை நகர்த்திவிட்டு உட்கார என் சின்னவன் போனான். நான் எதிர்க் கதிரையில் இருந்தேன். உறுமலுக்கு முன்பே ஜிம்மியின் உடம்பு விறைத்தது. மூச்சு நின்றதுபோல் அசைவு அடங்கியது, தலை திரும்பாமல் கண் மட்டும் பிள்ளையின் பக்கம் ஓடியதால் கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரிந்தது, வாயின் ஓரம் இறுகியது. அதன்பின்தான் தொண்டைக்குள் மெல்லிய உறுமல். நான் எழுந்து பிள்ளையைக் கூப்பிட்டேன். நாயைத் தொடவில்லை, ஏசவும் இல்லை. இந்த இடத்தில் பலரும் நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்து இறக்குவார்கள், அல்லது உறுமியதற்காக அடிப்பார்கள். உறுமல் என்பது கடிக்குமுன் நாய் தரும் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி விழும்.

அதற்குப் பிறகு சோபாவின் சலுகையைச் சில காலம் முழுவதாக எடுத்துவிட்டோம். தண்டனையாக அல்ல, பிள்ளையும் நாயும் மோதிக்கொள்ளும் சந்தர்ப்பத்தைத் தவிர்க்க. கட்டிலிலிருந்தும் பாயிலிருந்தும் “இறங்கு” என்று சொல்லி, தரையில் பிஸ்கட் துண்டு போட்டு, அவன் இறங்கி வந்து தின்றதும் “ஏறு” என்று மறுபடி ஏற்றும் விளையாட்டை நாளுக்கு நாள் செய்தோம். இறங்கினால் இடம் பறிபோகும் என்ற எண்ணம் போய், இறங்கினால் நல்லது நடக்கும் என்ற எண்ணம் வந்தபிறகே சோபாவில் அதையே செய்தோம். பிள்ளைகளுக்கும் சட்டம் உண்டு: படுத்திருக்கும் நாயின்மேல் சாயக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, உறக்கத்தில் இருப்பதைத் தொடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். உறுமல் திடீரென்று புதிதாகத் தோன்றினால் காதிலோ இடுப்பிலோ வலி இருக்கிறதா என்று மிருக வைத்தியரிடம் காட்டுவது முதல் வேலை. ஏற்கனவே கடித்த நாய் என்றால் வீட்டுப் பயிற்சியை நம்பியிருக்காமல் அனுபவமுள்ளவரின் உதவியைத் தேட வேண்டும்.

ஆண் நாய்கள் வயதுக்கு வரும்போது மேசைக்காலிலும் திரைச்சீலையிலும் காலைத் தூக்குவதும் நடக்கும். கருத்தடை செய்தால் பல நாய்களில் இது குறையும். ஆனால் ஒரு தடவை நனைந்த இடத்தில் மணம் இருக்கும்வரை அது மறுபடி அழைக்கும். பினைல் ஊற்றினால் நமக்குத்தான் மணம் போகும், நாயின் மூக்குக்கு அல்ல. அமோனியா கலந்த திரவங்கள் இன்னும் மோசம், சிறுநீர் வாசத்தையே நினைவூட்டும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, நீர் விட்டு மறுபடி ஒற்றி, நொதியம் கலந்த சுத்திகரிப்பான் போட வேண்டும். அது சிறுநீரில் மணம் தரும் பொருள்களையே சிதைக்கும். வீட்டுப் பழக்கம் நன்றாகத் தெரிந்த நாய் திடீரென்று சோபாவை நனைத்தால் அது சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம்.

உண்ணி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சோபாவின் கதையும்தான். எங்கள் ஊர் நாய்களில் காணும் பழுப்பு உண்ணி, இரத்தம் குடித்து ஊதியபின் நாயிலிருந்து விழுந்து, சோபாவின் தையலிலும் சுவர் வெடிப்பிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதன் வாழ்நாள் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே கழிக்க அதனால் முடியும். தெள்ளின் முட்டையும் அப்படித்தான் விரிப்பில் உதிரும். நாய்க்கு மாத்திரையோ கழுத்தில் விடும் மருந்தோ ஒழுங்காகக் கொடுத்து, நீல விரிப்பை வாராவாரம் சுடுநீரில் துவைத்து, குஷன் இடுக்குகளைத் தூசு உறிஞ்சியால் எடுத்தாலன்றி, நாயை மட்டும் குளிப்பாட்டிப் பலனில்லை.

இடி முழக்கத்திலும் தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு வெடிகளிலும் ஜிம்மி நாங்கள் படுக்கும் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவான். இழுத்து வெளியே எடுக்க முயல்வதில்லை; கீழே ஒரு பாயைப் போட்டு, யன்னலைச் சாத்தி, மின்விசிறியைக் கூட்டி வைத்தால் போதும். பயந்த நாயைத் தடவிக் கொடுப்பதால் பயம் கூடும் என்பது வீண் பேச்சு.

இப்போது ஜிம்மியின் முகவாய் நரைத்துவிட்டது. சோபாவுக்கு முன்னால் வந்து நின்று, முன்னங்கால்களை வைத்து, யோசித்துவிட்டுத் திரும்பிப் போகிறான். தெஹிவளையில் மாமியின் டாக்ஸ்ஹண்டுக்கு இளவயதிலேயே சோபாவிலிருந்து குதிக்கத் தடை. குட்டைக் காலும் நீள முதுகும் கொண்ட அந்த இனத்தில் முதுகெலும்புத் தட்டு விலகிப் பின்னங்கால்கள் செயலிழப்பது அடிக்கடி காணப்படுவது. அது சோபாவில் ஏறி இறங்க அவர்கள் வைத்திருக்கும் சிறு படியின் அளவை எடுத்து எங்களுக்கும் ஒரு மரப்படி செய்வித்தோம். வழுக்காமல் மேலே தும்பு விரிப்பு ஒட்டியிருக்கிறது. டைல் தரையில் நடக்கும்போது நகம் டிக் டிக் என்று கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். நீண்ட நகம் கிழவன் நாயை வழுக்க வைப்பதோடு துணியின் நூலையும் இழுக்கும்.

சோபாவுக்கு மறுபடி குஷன் அடிக்க மொறட்டுவையிலிருந்து தளபாட வேலைக்கார பாஸ் வந்தபோது அவரிடம் கேட்டுக்கொண்டவை இவை: வளைய நூல் துணி வேண்டாம், நெருக்கமாக நெய்த துணி போடுங்கள், ரெக்சீன் கடற்காற்றில் உரிந்துவிடும், நாய் உரிந்த ஓரத்தைப் பிய்க்கும், உறைகளுக்கு ஸிப் வைத்து, கழற்றித் துவைக்கும்படி தையுங்கள், கால்களின் அடியில் நாலு விரல் உயரத்துக்குப் பித்தளைக் குப்பி போடுங்கள், சோபாவுக்கு அடியில் உள்ள இடைவெளியை ஒன்றில் முற்றாக அடைத்துவிடுங்கள், அல்லது தும்புத்தடி போய்வரும் அளவுக்கு விடுங்கள். அவர் எல்லாவற்றையும் சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, பித்தளைக் குப்பிக்கு மட்டும் தனிக் காசு என்றார்.